பதினொன்றில் இரண்டு

அந்த ஆய்வுக்கூடத்தில் பேராசிரியரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் கைராசி அக்காதான். தம்பி வயதுக்காரர்களும் அக்கா என்பார்கள், அண்ணன் வயதுக்காரர்களும் அக்கா என்பார்கள். அந்தப் பட்டம் சும்மா வந்துவிடவில்லை. இருபத்திரண்டு வருஷமாக எலிகளுக்கு மருந்து ஊட்டுவது அவள் வேலை. ஊட்டுவது என்றால் குழந்தைக்குக் கரண்டியில் எடுத்து ஊட்டுவதுபோல என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இடது கையால் எலியின் பிடரியை, இறுக்காமலும் நழுவவிடாமலும் பிடித்து நிமிர்த்த வேண்டும். முனையில் கடுகளவு குமிழ் வைத்த வளைந்த குழாயை நாக்குக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். அங்கே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று வயிற்றுக்கு, மற்றொன்று நுரையீரலுக்கு. எலி விழுங்கும் நேரம் பார்த்துக் குழாய் தானாக வழுக்கி இறங்க வேண்டும். அவசரப்பட்டுத் தள்ளினால் வழி மாறிவிடும். வழி மாறினால் மருந்தெல்லாம் நுரையீரலில் நிரம்பி, அன்றைக்கோ மறுநாளோ எலி செத்துப்போகும்.

மற்றவர்கள் கையில் மாதத்துக்கு இரண்டு மூன்று அப்படிப் போகும். அவள் கையில் இத்தனை வருஷத்தில் போனது நான்கே நான்கு. அந்த நான்கின் கூண்டு எண்ணும் அவளுக்கு மனப்பாடம். நாத்தனார் பிறந்தநாள் வருஷா வருஷம் மறந்துபோய் வாங்கிக் கட்டிக்கொள்கிறவளுக்கு இது மட்டும் மறக்காது.

முதல் எலி போன அன்றைக்கே அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். தன் பொறுப்பில் எந்த எலி செத்தாலும் அதன் நுரையீரலை எடுத்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பாள். நல்ல நுரையீரலில் காற்று இருக்கும், பஞ்சுபோல மிதக்கும். மருந்து புகுந்த நுரையீரல் கனத்து அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மூழ்கினால் தன் கை, மிதந்தால் வேறு காரணம். விதிப்புத்தகத்தில் இந்தச் சோதனை கிடையாது. ஆனாலும் கூடத்தில் எல்லோருக்கும் 'அக்கா கிண்ணம்' தெரியும். டீ கலக்கக் கிண்ணம் தேடுகிறவர்கள்கூட அதைத் தொட மாட்டார்கள்.

இனி அவள் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடலாம். அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. இரண்டு மாதமாகக் காலை நேரத்தில் அவளுடைய வலது கட்டைவிரல் நடுங்கிக்கொண்டிருந்தது. பெரிய நடுக்கம் இல்லை, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால் நின்றுவிடும். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். டம்ளரில் டீ அலைவதைப் பார்த்துவிட்டு, "டாக்டர்கிட்ட போலாம் வா" என்று நாலு தடவை சொல்லிவிட்டார். இந்த ஆய்வு முடியட்டும் என்று அவள் நாலு தடவையும் தட்டிக்கழித்தாள்.

இந்த ஆய்வு ஓர் இனிப்புத் தூளைப் பற்றியது. சர்க்கரைக்குப் பதிலாகக் குழந்தைகள் குடிக்கும் ஜூஸ் டப்பாக்களில் போடுவதற்காக ஒரு கம்பெனி தயாரித்தது. இருநூறு எலிகள், தொண்ணூறு நாள். வெள்ளைச் சீட்டு ஒட்டிய கூண்டுகளில் இருந்த ஐம்பதுக்கும் வெறும் தண்ணீர். மஞ்சள் சீட்டுக்குக் கொஞ்சம் தூள், நீலத்துக்கு நடுத்தரம், சிவப்புக்கு நிறைய. காலை எட்டு மணிக்கு முதல் கூண்டைத் திறந்தால் இருநூறாவதை மூடும்போது பசி காதை அடைக்கும்.

இருபதாவது நாள் வரை ஒரு குறையும் இல்லை. பிறகு சிவப்பில் ஒன்று செத்தது. அடுத்த வாரம் இன்னொன்று. நாற்பதாம் நாளுக்குள் நான்கு. அந்தச் சமயத்தில்தான் விரல் ஆட ஆரம்பித்தது, அல்லது அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். தொண்ணூறு நாள் முடியும்போது சிவப்பில் பத்து, வெள்ளையில் ஒன்று, ஆகப் பதினொன்று.

இங்கேதான் அவள் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தாள். கிண்ணத்தை எடுக்கவில்லை. முதல் நான்கு போனபோது ஆய்வு மும்முரத்தில் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டவள், விரல் ஆட ஆரம்பித்த பிறகு பார்க்கவே பயந்தாள். செத்த எலியின் நுரையீரலை எடுத்து, அழுகாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றிய வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மிதக்கிறதா மூழ்குகிறதா என்று கண் பார்க்குமுன் மேலே பஞ்சை வைத்து அமுக்கி, மூடியைத் திருகி, எண்ணை எழுதி, அலமாரியின் கடைசித் தட்டில் வைத்துவிடுவாள். பதினொரு டப்பா வரிசையாக அங்கே உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் போனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நுரையீரலை வேறு யாராவது அறுத்துப் பார்த்திருப்பார்களே என்று கேட்கலாம். பார்க்கவில்லை. எந்த உறுப்பை அறுத்து நுண்நோக்கியில் பார்ப்பது என்ற பட்டியலையும் கம்பெனியே எழுதி அனுப்பியிருந்தது. கல்லீரல் உண்டு, சிறுநீரகம் உண்டு, இதயம் உண்டு. நுரையீரல் இல்லை. திசுக்களை அறுத்துப் பார்க்கும் நிபுணர், எந்நேரமும் ஒரு கண்ணை மூடியே பழகியவர் என்பதால் அவரை ஒற்றைக்கண் சார் என்பார்கள், அவர் நுரையீரலையும் பார்க்கலாமே என்று ஒரு தடவை கேட்டும் பார்த்தார். கம்பெனியிலிருந்து மேற்பார்வைக்கு வருகிறவர் வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் சிரித்தார். அவருக்குப் பாதிச் சிரிப்பு என்று பெயர் வைத்ததே அதனால்தான்.

"இது சாப்பிடற பொருள் சார். மூச்சுல இழுக்கற பொருளா? அதுக்கெல்லாம் எதுக்குச் செலவு?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கம்பெனிக்காரர்கள் சொல்வது எல்லாமே கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும்.

ஆய்வு முடிந்த அடுத்த திங்கட்கிழமை பேராசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பாதிச் சிரிப்பு ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். மேஜையில் ஒரு படிவம் இருந்தது. அதில் பதினொரு வரி, பதினொரு எண்.

"உக்காருங்க அக்கா," என்றார் பேராசிரியர். அவர் உட்காரச் சொன்னதிலேயே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. "பதினொண்ணு போயிருக்கு இல்லையா."

"ஆமா சார். சிவப்புல பத்து, வெள்ளையில ஒண்ணு."

"அதையெல்லாம் கையாளும்போது நேர்ந்த மரணம்னு போட்டுடலாம்னு சொல்றாங்க. மருந்து கொடுத்தவங்க கையெழுத்து வேணும். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ரிப்போர்ட்டை மூடறோம்."

கையாளும்போது நேர்ந்த மரணம் என்றால் குழாய் வழி மாறிப்போய்ச் செத்தது என்று அர்த்தம். அப்படிச் செத்த எலி ஆய்வுக் கணக்கில் சேராது. தூள் என்ன செய்தது என்று பார்க்கிற ஆய்வில், ஊட்டியவள் கை செய்த தப்பைச் சேர்க்க முடியாது அல்லவா. பதினொன்றையும் எடுத்துவிட்டால் சிவப்புக் கூண்டில் ஒரு சாவுகூட இல்லை. தூள் பத்திரமானது என்று ரிப்போர்ட் வரும்.

"என் கையாலதான் போச்சுன்னு நான் எழுதித் தரணுமா சார்?"

"உங்க மேல யாரும் ஒரு நடவடிக்கையும் எடுக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு. ஒரு கையெழுத்துதான் அக்கா."

"அந்தக் கையெழுத்து இல்லைன்னா?"

பேராசிரியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதுவும் கம்பெனி கொடுத்ததுதான். "ஏழு பேர் வேலை பாக்கறோம் இங்க. அடுத்த ரெண்டு ஆய்வும் இவங்க கொடுக்கறதுதான். அது போச்சுன்னா நான் யார்கிட்டப் போய் நிக்கறது?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்திருந்தால் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஒரு காலத்தில் தொழிற்சாலைக் கழிவுநீர் சிறுநீரகத்தை என்ன செய்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டவர். ஆறு வருஷம் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். அந்தக் கோப்பு இப்போது அச்சு இயந்திரத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்துக்கொண்டு கிடக்கிறது. அப்புறம்தான் கம்பெனி வந்தது. முதலில் ஏசி வந்தது, பிறகு தராசு வந்தது, நாற்காலிகள் வந்தன. கடைசியில் எதை ஆராய வேண்டும் என்கிற கேள்வியையும் அவர்களே அனுப்பிவைக்க ஆரம்பித்தார்கள். இவர் ஒருநாளும் பொய் எழுதியவர் இல்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதிப் பழகிவிட்டார்.

"எவ்வளவு நல்ல கையா இருந்தாலும் வயசானா கொஞ்சம் ஆடத்தான் செய்யும். இல்லீங்களா அக்கா?" என்றார் பாதிச் சிரிப்பு. அவர் பார்வை அவள் மடியில் இருந்த வலது கையில் இருந்தது.

 இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? எத்தனை நாளாகக் கவனிக்கிறார்? கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அன்று மாலை வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கொட்டினாள். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, "கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துட்டு வந்துடு," என்றார். "எலிக்காக யாரு வந்து உன்கிட்ட நியாயம் கேக்கப் போறாங்க?"

"எலியா குடிக்கப் போகுது அதை? உங்க வேன்ல என்ன கிடக்குது பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். பின் இருக்கைக்கு அடியில் உறிஞ்சுகுழல் செருகியபடி நாலைந்து ஜூஸ் டப்பாக்கள் நசுங்கிக் கிடந்தன. தினமும் அவர்தான் பொறுக்கிப் போடுவார், பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே. அன்று திட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தவர், அவள் இரண்டு மாதமாகத் தன்னையே கேட்கப் பயந்த கேள்வியைச் சாதாரணமாகக் கேட்டார்.

"சரி, நிஜமாவே உன் கைதான் காரணமா இருந்தா?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கையெழுத்துப் போடவும் மனசு வரவில்லை. போட மாட்டேன் என்று எழுந்து நிற்கவும் தைரியம் இல்லை. கை சுத்தம் என்று தெரிந்தால் அல்லவா நிமிர்ந்து நிற்கலாம். ஒருவேளை விரல் முதல் எலி சாவதற்கு முன்பே, தான் கவனிக்காமலேயே ஆடியிருந்தால்? பத்தும் தன் கையாலேயே போயிருந்தால்? அப்போது அந்தப் பாதிச் சிரிப்பு சொல்வதுதான் உண்மை, அவள்தான் நல்ல தூளின் மேல் பழி போடுகிறவள். 

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கே கூடத்துக்குப் போய்விட்டாள். எட்டு மணிக்கு முன்னால் யாரும் வர மாட்டார்கள். வெயில் ஜன்னல் வழியாக மேஜையில் விழுந்திருந்தது. கிண்ணத்தைக் கழுவினாள், தண்ணீர் பிடித்தாள். கடைசித் தட்டிலிருந்து பதினொரு டப்பாவையும் இறக்கி வரிசையாக வைத்தாள். வலது கட்டைவிரல் ஆடியது. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முதல் மூடியைத் திருகினாள்.

முதலில் செத்த சிவப்பு. பஞ்சை எடுத்ததுமே அது மேலே வந்தது. கழுவிக் கிண்ணத்தில் போட்டாள். மிதந்தது. விரலால் அமுக்கிவிட்டாள். மறுபடி மேலே வந்தது.  இரண்டாவதும் மிதந்தது. மூன்றாவதும் நான்காவதும் மிதந்தன. ஐந்தும் ஆறும் விரல் ஆட ஆரம்பித்த பிறகு போனவை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாள், கண்ணைத் திறந்து பார்த்தாள். மிதந்தன. 'பாத்தியா, உன் கை சுத்தம்' என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

ஏழாவது டப்பா, வெள்ளைச் சீட்டு. தண்ணீர் மட்டுமே குடித்த எலி. பஞ்சை எடுத்த பிறகும் அது அடியிலேயே கிடந்தது. கிண்ணத்தில் போட்டாள். ஒரு தயக்கம்கூடக் காட்டாமல் நேராக அடிக்குப் போய் உட்கார்ந்தது.

இனி வருகிற நான்கும் இப்படித்தான் இருக்கும் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.  எட்டாவது டப்பா, சிவப்பு, மூன்று நாள் கழித்துப் போனது. அதுவும் மூழ்கியது. ஒன்பதாவதைத் திறக்க அவளால் முடியவில்லை. குப்புறக் கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்து அழுதாள். இருபத்திரண்டு வருஷத்தில் நாலே நாலு என்ற பெயர் போச்சே என்று அழுதாள். டாக்டரிடம் வா என்று நாலு தடவை கூப்பிட்டாரே மனுஷன் என்று அழுதாள். ஒரு வாரம் லீவு போட்டிருந்தால் இந்த இரண்டும் உயிரோடு இருந்திருக்கும். பெயர் கெட்டுவிடும் என்று பயந்து இரண்டு உயிரைக் கொன்றோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கூடத்தின் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து மிச்சம் மூன்றையும் மளமளவென்று திறந்தாள். மிதந்தது. மிதந்தது. மிதந்தது.

ஆக ஒன்பது மிதந்தன, இரண்டு மூழ்கின.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குப் பேராசிரியர் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். பேராசிரியர், பாதிச் சிரிப்பு, சாட்சிக் கையெழுத்துக்காக ஒற்றைக்கண் சார், அப்புறம் அவள். படிவத்தை மேஜையில் வைத்தாள். பேராசிரியர் எடுத்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

இரண்டு வரிகளுக்கு நேரே அவள் கையெழுத்து இருந்தது. கோணல்மாணலாக இருந்தது, ஆனால் அவளுடையது. மற்ற ஒன்பது வரிகளுக்கு நேரேயும் 'என் கை இல்லை' என்று ஒன்பது தடவை எழுதியிருந்தாள்.

"என்ன அக்கா இது?"

"ரெண்டு என் கையால போச்சு சார். வெள்ளையில ஒண்ணு, சிவப்புல ஒண்ணு. எனக்கு ரெண்டு மாசமா விரல் நடுங்குது. சொல்லாம மறைச்சுட்டேன். தப்புதான். அதுக்கு என்ன பண்ணணுமோ பண்ணுங்க. மத்த ஒன்பதும் என் கையில சாகலை. கிண்ணத்துல போட்டுப் பாத்துட்டேன்."

பேராசிரியர் அவள் முகத்தை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். பாதிச் சிரிப்புக்கோ கொஞ்சம்கூடப் பதற்றம் இல்லை. நல்ல சேதி கேட்டவர்போல நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப நேர்மையா சொல்லிட்டீங்க அக்கா, சந்தோஷம். ஆனா நீங்களே சொல்றீங்க, கை நடுங்குதுன்னு. ரெண்டு எலி செத்ததுன்னு. நடுங்கற கை ரெண்டோட நின்னுடுச்சுன்னு எப்படி நம்பறது? சார், இந்த வாக்குமூலத்தை வெச்சே பதினொண்ணையும் எடுத்துடலாமே. கிண்ணம் தண்ணியெல்லாம் எந்த விதியில இருக்கு?"

அவள் எதற்குப் பயந்தாளோ அதுவே நடந்தது. தன் வாயாலேயே தன் கையை விட்டுக்கொடுத்தாயிற்று. பேசாமல் இருந்திருந்தால் ஒன்பதையாவது காப்பாற்றியிருக்கலாமோ என்று ஒரு நொடி மனசு அல்லாடியது. மேஜைக்கு அடியில் விரல் கிடுகிடுவென ஆடியது. அதை அவள் எடுத்து மேஜையின் மேல், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள்.

"பாருங்க, நல்லா பாருங்க. இதே கைதான் தினமும் காலையில வெள்ளை அம்பதுக்கும் ஊட்டுச்சு, மஞ்சள் அம்பதுக்கும் ஊட்டுச்சு, நீலத்துக்கும் ஊட்டுச்சு, சிவப்புக்கும் ஊட்டுச்சு. நடுங்கற கைக்கு நிறம் தெரியுமா? சிவப்புச் சீட்டைப் பாத்ததும் மட்டும் நடுங்குமா? என் கை பண்ணின தப்புன்னா வெள்ளையிலயும் பத்து போயிருக்கணும். மஞ்சள்ல ஒண்ணாவது போச்சா? நீலத்துல போச்சா? அதுவும் நாலு செத்தப்புறம்தான் எனக்கு விரலே ஆட ஆரம்பிச்சுது."

 ஒற்றைக்கண் சார் மூடியிருந்த கண்ணையும் திறந்து பேராசிரியரைப் பார்த்தார்.

"டப்பாவெல்லாம் இருக்கா அக்கா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"பதினொண்ணும் இருக்கு சார்."

"அறுத்துப் பாத்துடுங்க," என்றார் அவர் ஒற்றைக்கண் சாரிடம்.

"நுரையீரல் பட்டியல்ல இல்லையே சார்," என்றார் பாதிச் சிரிப்பு. இப்போது அந்தப் பாதியும் இல்லை. "அதுக்கு நாங்க பொறுப்பேத்துக்க முடியாது. ரிப்போர்ட் இன்னைக்கு முடியணும். முடியலைன்னா எங்க ஆளுங்க என்ன முடிவெடுப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

பேராசிரியருக்குத் தெரியும்.  ஏழு பேர், நாற்காலி, தராசு, சுவர்க் கடிகாரம் எல்லாம் அவர் கண்முன் வந்துபோவதை அவள் எதிரே உட்கார்ந்து பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தாள். அவர் பேனாவை எடுத்தார். படிவத்தில் அவள் எழுதியதற்குக் கீழே, 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் கையும் அப்போது அவள் கை மாதிரிதான் ஆடியது.

நான்கு நாளில் ஒற்றைக்கண் சார் முடிவைச் சொன்னார். இரண்டில் நுரையீரலுக்குள் திரவம் போயிருந்தது. ஒன்பது சுத்தம். அந்த இரண்டும் அவள் சொன்ன அதே இரண்டுதான்.

இதோடு எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஆய்வின் முடிவுகள் கம்பெனிக்குச் சொந்தம், அவர்கள் அனுமதி இல்லாமல் வெளியே ஒரு வார்த்தை வரக் கூடாது. பேராசிரியர் அதில் என்றைக்கோ கையெழுத்துப் போட்டிருந்தார். கம்பெனி ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, நன்றி என்று ஒரு கடிதம் அனுப்பிவிட்டுக் கூடத்தைக் கைகழுவியது. அடுத்த ஆய்வு வரவில்லை. மூன்று பேர் வேலையை விட்டுப் போனார்கள். அதில் ஒருத்தி போகிற அன்று அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது அவளை ரொம்பவே சுட்டது.

ஒற்றைக்கண் சார் முடிவைச் சொன்ன மறுநாளே அவள் குழாயைக் கழுவித் துடைத்துப் பேராசிரியர் மேஜையில் வைத்துவிட்டாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார், நடுக்கம் குறையும், போகாது என்றார். இப்போது அவள் எலிகளை எடை போடுகிறாள், கூண்டு கழுவுகிறாள். யாரும் கைராசி என்று கூப்பிடுவதில்லை, வெறும் அக்கா. அச்சு இயந்திரத்துக்கு அடியிலிருந்த கழிவுநீர்க் கோப்பை மட்டும் பேராசிரியர் எடுத்துத் தூசு தட்டி மேஜையில் வைத்திருக்கிறார். இயந்திரத்துக்கு ஒரு செங்கல் வைத்தாகிவிட்டது.

பதினான்கு மாதம் கழித்து ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேராசிரியர் ஓர் ஆய்விதழைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். ஒரு பக்கத்தைத் திறந்து, ஒரு வரியில் விரல் வைத்துக் காட்டினார். அவளுக்குப் புரியும்படி அவரே படித்தும் சொன்னார். அதே தூள். வேறு ஊர், வேறு ஆய்வுக்கூடம். முடிவு, பத்திரமானது. அடியில் பொடி எழுத்தில், அதிக அளவு கொடுத்த கூண்டுகளில் இறந்த பன்னிரண்டு எலிகள் கையாளும்போது நேர்ந்த மரணம் என்பதால் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

"பன்னெண்டா," என்றாள் அவள்.

"பன்னெண்டு. எனக்கு வாயைத் திறக்க வழியில்லை அக்கா, ஒப்பந்தம் கையைக் கட்டிப்போட்டிருக்கு," என்றார் பேராசிரியர். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். "உங்ககிட்ட அவங்க எதுலயும் கையெழுத்து வாங்கலை. எலிக்கு ஊட்டற ஆளுதானேன்னு விட்டுட்டாங்க." அவ்வளவுதான் சொன்னார், இதழை அவள் முன்னாலேயே விட்டுவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

அவளுக்கு அன்று பெரிதாக வந்தது கோபம்கூட இல்லை, பரிதாபம். அந்த ஊரில் எவளோ ஒருத்தி, அல்லது எவனோ ஒருவன், பன்னிரண்டு வரிக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறான். தன் கைதான் கொன்றது என்று நம்பிக்கொண்டே தினமும் எட்டு மணிக்குக் குழாயை எடுப்பான். ராசியில்லாத கை என்று பக்கத்தில் இருப்பவர்களும் சொல்லத் தொடங்கியிருப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரை மேஜைக்கு எதிரே உட்காரவைத்துத் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் எழுதித் தருகிறேன் என்றார், அவள் விடவில்லை. ஆய்விதழில் இருந்த முகவரிக்கு மேலே, 'எலிகளுக்கு மருந்து ஊட்டுகிறவருக்கு' என்று எழுதினாள்.

"உங்களை எனக்குத் தெரியாது. நானும் இதே தூளை எலிகளுக்கு ஊட்டினவள். எங்கள் கூடத்தில் பதினொன்று போனது. இரண்டு என் கையால் போனது, அதற்கு நான் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது என் கையால் போகவில்லை. உங்கள் பன்னிரண்டின் நுரையீரலை எங்கேயாவது எடுத்து வைத்திருந்தால், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துப் போட்டுப் பாருங்கள். மூழ்கினால் உங்கள் கை. மிதந்தால் இல்லை. பார்க்கப் பயமாக இருக்கும். நானும் பஞ்சை வைத்து மூடி வைத்தவள்தான். பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்."

கீழே தன் பெயரையும் முகவரியையும் எழுதினாள். மறுநாள் காலை வேன் கிளம்பும்போது அவரோடு ஏறிக்கொண்டாள். தபால் நிலையத்தின் முன்னால் அவர் நிறுத்தினார். பிள்ளைகள் ஜூஸ் உறிஞ்சிக்கொண்டே எட்டிப் பார்க்க, அவள் இறங்கிப்போய்க் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.